சோக்பிட் நிரம்பி வழிகிறதா? புதுக் குழிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: கூடுவாஞ்சேரி பக்கம் 30க்கு 40 மனையில் வீடு கட்டி ஏழு வருடம் ஆகிறது. நான்கு பேர் இருக்கிறோம். 8க்கு 4 அடியில் இரண்டு அறை செப்டிக் டேங்க், பக்கத்தில், டேங்கிலிருந்து வரும் தண்ணீர் மண்ணில் ஊறிப்போக, மூன்றடி விட்டத்தில் எட்டு சிமெண்ட் உறை இறக்கிய சோக்பிட். களி கலந்த மண். இரண்டு வருடமாக மாதம் ஒரு முறை லாரி வருகிறது. மழைக்காலத்தில் பத்தே நாளில் நிரம்பிவிடுகிறது. "குழி செத்துப்போச்சு, புதுசா தோண்டணும். இல்லன்னா அதுக்குள்ளயே போர் போட்டு இறக்கிடலாம்" என்கிறார் கான்ட்ராக்டர். எதைச் செய்வது?

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம். அதிலும் போர் வேண்டவே வேண்டாம். குழிக்குள் 40, 50 அடி துளை போட்டால் மறுநாளே தண்ணீர் இறங்கும், உண்மைதான். இறங்கிப் போய்ச் சேரும் இடம் உங்கள் தெருவே மோட்டார் போட்டு இறைக்கும் நிலத்தடி நீர். மேல்மண் வழியாகக் கசியும்போதுதான் கழிவுநீர் வடிகட்டப்படும். குழாய் வழியாகப் போனால் மலம் கலந்த நீர் அப்படியே போகும். ஒரு நாள் வேலைக்குக் கை நிறையக் காசு என்பதால் இதைச் சிபாரிசு செய்ய ஆள் நிறைய.

விதி என்ன சொல்கிறது தெரியுமா? குடிநீர்க் கிணற்றுக்கும் சோக்பிட்டுக்கும் 18 மீட்டர் இடைவெளி, அதாவது 59 அடி. 30க்கு 40 மனையின் மூலைக்கு மூலையே 50 அடிதான். உங்கள் மனைக்குள் அந்த விதியை எந்தக் கொத்தனாராலும் நிறைவேற்ற முடியாது. ஆனாலும் பிளான் அப்ரூவல் ஆகிறது. போர்த் தண்ணீரைக் குடிப்பதானால் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கிருமிப் பரிசோதனை செய்துவிட்டுக் குடியுங்கள்.

அடுத்து, மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் பத்து நாளில் நிரம்புகிறது என்றால் குழி அடைத்திருக்க வேண்டும் என்றில்லை. நிலத்தடி நீர்மட்டமே குழியின் பாதி வரை ஏறியிருக்கலாம். இதைக் கண்டுபிடிப்பது எளிது. லாரி வரும்போது டேங்கில் ஒன்றரை அடியும் குழியில் பாதியும் மட்டும் இறக்கச் சொல்லுங்கள். அந்த ஒன்றரை அடி மறுபடி நிரம்பும் வரை, இரண்டு நாளுக்கு, டேங்கிலிருந்து குழிக்கு ஒரு சொட்டும் போகாது. அப்படியிருந்தும் விடிவதற்குள் குழியில் தண்ணீர் ஏறி, அதுவும் தெளிவாக இருந்தால், அது உங்கள் வீட்டுத் தண்ணீர் அல்ல, ஊர்த் தண்ணீர். அந்த நிலையில் எந்தப் பழுதுபார்ப்பும் பலிக்காது. புதுக் குழி தோண்டினாலும் அதுவும் நிரம்பும். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்கும்வரை, தை மாதம் வரை, காசைச் செலவழிக்காதீர்கள். இன்னொன்று: ஈரக் காலத்தில் குழியை அடிவரை உறிஞ்ச விடாதீர்கள். வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் உறை இடுக்கு வழியாக மண் சரிந்து உள்ளே வரும், உறை சாயும்.

கோடையிலும் நிரம்புகிறது என்றால்தான் அடைப்பு. ஆனால் அடைப்பின் மூலம் பெரும்பாலும் குழி அல்ல, டேங்க். டேங்க்கின் வெளிவாயில் நாலு இஞ்ச் டீ பைப் (T வடிவக் குழாய்) இருக்க வேண்டும். அதன் கீழ்க்கால் நீர்மட்டத்துக்குக் கீழே ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மேலே மிதக்கும் அழுக்கு ஏடு நேராகக் குழிக்குப் போய், மண்ணின் முகத்தில் கறுப்பாக வழவழவென்று படியும். மூங்கில் கழியில் வெள்ளைத் துணி சுற்றி டேங்கின் அடிவரை விட்டு எடுங்கள். கறுப்புக் கறை நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால் சேறு எடுக்கும் காலம் கடந்துவிட்டது. மாதம் ஒரு லாரி வந்தும் சேறு இருக்குமா என்றால், இருக்கும். குழாயை மேலாக விட்டுத் தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு "லோடு ஃபுல்" என்று கிளம்புவது வழக்கம். சேற்றைக் கலக்கி எடுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். அடைப்பு எடுக்க ஆள் உள்ளே இறங்குவதாகச் சொன்னால் திருப்பி அனுப்புங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம், இறக்கியவருக்குத்தான் தண்டனை. உள்ளே இருக்கும் வாயு இரண்டே மூச்சில் ஆளைச் சாய்க்கும்.

இப்போது கணக்கு. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியத் தர அளவு. நாலு பேருக்கு 540. உங்கள் குழியின் ஊறும் சுவர் சுமார் 6 சதுர மீட்டர். களி கலந்த மண் ஒரு நாளில் சதுர மீட்டருக்கு 25 லிட்டர் குடித்தாலே பெரிது; மொத்தம் 150. மீதி எங்கே போகும்? அந்த 135-ல் கழிவறைக்கு 45 மட்டுமே. குளியல், வாஷிங் மெஷின், ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்து வாழை, கல்வாழைப் பாத்திக்கு விட்டால் குழிக்குப் போவது 180-க்குப் பக்கத்தில் வந்துவிடும். பாத்தியில் தண்ணீர் தேங்கக் கூடாது, கொசு வரும். சமையலறைத் தண்ணீரை எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் பொறி இல்லாமல் எங்கும் விடாதீர்கள். ஒழுகும் ஃப்ளஷ் டேங்க்கை இன்றைக்கே மாற்றுங்கள். மொட்டைமாடி மழைநீர்க் குழாய் இந்தக் குழியில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மழைநீர்த் தொட்டி கட்டாயம் என்றதும் கணக்குக் காட்ட இதிலேயே சொருகிய வீடுகள் உண்டு.

குழிக்குச் செய்ய வேண்டியது வெளியே. உறையைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்தில், நாலடி ஆழத்துக்கு மட்டும் தோண்டுங்கள். அதற்கு மேல் போனால் மண் சரியும். பல இடங்களில் உறை இடுக்கைச் சிமெண்ட் வைத்துப் பூசியிருப்பார்கள், தண்ணீர் அடி வழியாக மட்டுமே போகும். வெளியிலிருந்தே டிரில்லால் அரையடிக்கு ஒன்றாக ஒரு இஞ்ச் துளைகள் போட்டு, 40 எம்.எம். ஜல்லி நிரப்பி, மேல் ஓரடியில் தார்ப்பாய் விரித்து மண் மூடுங்கள். ஊறும் பரப்பு ஒன்றரை மடங்காகும்.

அதோடு காம்பவுண்ட் ஓரமாக 15 அடி நீளம், 2 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு வாய்க்கால். ஜல்லிக்கு நடுவே துளையிட்ட நாலு இஞ்ச் பைப், ஏறக்குறைய மட்டமாக. டேங்க்குக்குப் பின் சின்னச் சேம்பர் கட்டி, இரண்டு வழிக்கும் அடைப்பான் வையுங்கள். மாசியில் வாய்க்காலுக்குத் திருப்பி, குழியை ஆடி வரை காயவிடுங்கள். காற்றுப் பட்டால் அந்தக் கறுப்புப் படலம் தானே மக்கி உதிரும். ஆசிட், காஸ்டிக் சோடா, பாக்டீரியா பவுடர் எதுவும் அந்த வேலையைச் செய்யாது; காஸ்டிக் சோடா களிமண்ணை இன்னும் இறுக்கித்தான் விடும்.

வாய்க்கால் வெட்டும் முன் அந்த இடத்தில் மூன்றடிக் குழி ஒன்று தோண்டி, முதல் நாள் நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் அடியில் அரையடித் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு இஞ்ச் கூட இறங்காவிட்டால் அந்த இடத்தில் வெட்ட வேண்டாம்.