பெர்சனலா, பெர்சொனெல்லா?

அம்மா, உங்கள் மகன் எழுதிய வேலை விண்ணப்பக் கடிதத்தைப் படித்தேன். "இவனுக்கு இங்கிலீஷ் வரவே வராதா?" என்று கேட்டிருந்தீர்கள். வரும். இதையே நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். இடிக்கிற இடம் மூன்றே சொற்கள்.

ஊழியர் நிர்வாகப் பிரிவைச் சொல்ல நினைத்து 'பெர்சனல்' என்று எழுதியிருக்கிறான். அது சொந்த விஷயம். ஊழியர்களைக் குறிப்பது பெர்சொனெல் (personnel): இரண்டு 'என்', பிறகு 'இ'. சொல்லும்போது அழுத்தம் கடைசியில் விழும். அடுத்து, தன் திறமைகள் குழுவுக்கு 'காம்ப்ளிமென்ட்' செய்யும் என்கிறான். நடுவில் 'இ' போட்டால்தான் (complement) குறையை நிரப்புவது. இவன் போட்டிருக்கும் 'ஐ' (compliment) பாராட்டு. அதாவது, திறமைகள் எல்லாம் எழுந்து நின்று குழுவுக்குக் கை தட்டுகின்றன! மூன்றாவது 'டிஸ்கிரீட்'. ரகசியம் காப்பவன் (discreet) என்று சொல்ல வந்தவன், இரண்டு 'இ'யையும் சேர்த்து எழுதாமல் நடுவில் 'டி'யை நுழைத்துவிட்டான் (discrete). அது தனித்தனியானது என்று பொருள்படும் கணக்குப் பாடச் சொல்.

இதையெல்லாம் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுக்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால், எழுத்தை மட்டும் பார்க்கும் ஸ்பெல்செக் சிவப்புக் கோடு போடாது. மேனேஜரில் இரண்டாவது 'ஏ' விட்டுப்போனால் மாட்டுத் தீவனத் தொட்டி; அதற்கும் கோடு விழாது.

காதும் பாதி இடங்களில் கைவிடும், ஒலி ஒன்றுதானே. தமிழில் பணி கேட்டுப் 'பனி'க்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் இல்லையா? அவர்களுக்குத் தமிழே தெரியாது என்றா சொல்கிறோம்?

குழப்பும் சொற்கள் என்று நீளப் பட்டியலை வாங்கி மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஜோடியாகப் படித்தால் ஜோடியாகவே நினைவுக்கு வந்து குழப்பம் கூடும் என்பது என் எண்ணம். தான் தவறிய சொல்லை மட்டும் ஒரு நோட்டில், சொந்த வாக்கியத்தோடு எழுதட்டும். ஒலி வேறுபடும் இடத்தில் வாய்விட்டுச் சொல்லட்டும்: அட்வைஸ் பெயர்ச்சொல்லானால் 'சி', வினையானால் 'எஸ்', ஆனால் ஒலி 'இசட்'. பிராக்டிஸ் மட்டும் கொஞ்சம் வம்பு. பிரிட்டிஷ் முறையில் பெயருக்கு 'சி', வினைக்கு 'எஸ்'. அமெரிக்க முறையில் இரண்டுக்கும் 'சி'. எதுவானாலும் சரி, ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது.

திருத்துவதை அவனிடமே விடுங்கள். கடிதத்தை அச்செடுத்து, கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அனுப்புங்கள், பார்க்கிறேன்.