ஆயில் பெயின்டிங் காய்ந்த பிறகு மேல்பூச்சில் விரிசல் விழுவது ஏன்?

பெரும்பாலும் அடுக்குகளின் வரிசைதான் காரணம். ஆயில் பெயின்டில் நிறத்தூளோடு கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. எண்ணெய் அதிகமுள்ள பூச்சு மெதுவாகக் காயும். அதன்மேல் டர்பன்டைன் (பெயின்டை நீர்க்கவைக்கும் திரவம்) கலந்த மெல்லிய பூச்சைப் போட்டால் மேலடுக்கு முதலில் விறைத்துவிடும். அடியிலுள்ளது பிறகு அசையும்போது மேலே வெடிப்பு விழும். அதனால் முதல் பூச்சுக்கு டர்பன்டைன் போதும், அப்புறம் மேலே போகப்போக எண்ணெயைக் கொஞ்சம் கூட்டுங்கள். கொஞ்சம்தான்! மிஞ்சினால் பூச்சு மஞ்சளாகும், சுருங்கும்.

நிறத்தையும் கவனியுங்கள். அம்பர் என்ற பழுப்பு நிறம் சீக்கிரம் காயும். ஐவரி பிளாக் ரொம்ப மெதுவாகக் காயும். அந்தக் கறுப்பை அடிப்பூச்சாகத் தடிமனாகப் பூசவே வேண்டாம். தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் பெயின்ட் மேல் ஆயில் போடலாம், ஆயில் மேல் அக்ரிலிக் கூடாது.