தெருநாய்களுக்கு விஷம் வைத்ததாகச் சந்தேகமா? புதைக்கும் முன் செய்ய வேண்டியவை

கேள்வி: எங்கள் தெருவில் காலையில் மூன்று நாய்கள் செத்துக் கிடந்தன. வாயில் நுரை. பக்கத்தில் ஒரு தாளில் கறிச்சோறு மிச்சம். மாநகராட்சி வண்டி வரும் என்கிறார்கள். போஸ்ட்மார்ட்டம் செய்தால் விஷம் என்று நிரூபிக்க முடியுமா?

பதில்: முடியும், உடல் அழுகுவதற்குள் செய்தால். ஆகவே வண்டியில் ஏற்றவிடாதீர்கள். நுரையை மட்டும் பார்த்து விஷம் என்று எந்த மருத்துவரும் எழுதமாட்டார். நுரையீரலில் நீர் கோத்தாலும் நுரை வரும்.

உடலை நகர்த்தும் முன் படம் எடுங்கள்: முதலில் தெரு தெரியும்படி, பிறகு நாய் முழுதாக, கடைசியில் வாய், கண், நகம். பக்கத்தில் ஸ்கேல் இல்லையென்றால் ஒரு பத்து ரூபாய் நாணயம். மிச்சச் சோற்றைத் தொடாமல் வாளியைக் கவிழ்த்து மூடுங்கள். காக்கை கொத்தினால் சான்றும் போகும், காக்கையும் போகும். வெறிநோய் இருந்திருக்கலாம் என்பதால் கையுறை கட்டாயம். எலி மருந்தில் உள்ள துத்தநாக பாஸ்பைடு வயிற்றில் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும் என்பதால் முகர்ந்து பார்க்க வேண்டாம்.

அடுத்தது காவல் நிலையம். இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் புகார் கொடுங்கள். விலங்கைக் கொல்வதற்கும் விஷம் வைப்பதற்கும் அதில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தை மட்டும் நம்பினால், முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அதில் வழக்குத் தொடுக்கவும் மூன்று மாதக் கெடு. போலீஸ் கடிதத்தோடு உடல் அரசு கால்நடை மருத்துவரிடம் போவதே நல்லது. நீங்களே தூக்கிக்கொண்டு போனால், இடையில் யார் கை பட்டது என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழும். மருத்துவர் வரும்வரை உடலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, சுற்றிலும் ஐஸ் வையுங்கள். ஃப்ரீசரில் போடாதீர்கள், உறைந்தால் திசு உடைந்து, நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது.

வழக்குகள் பெரும்பாலும் கெடுவது மாதிரி எடுக்கும் இடத்தில். நச்சுச் சோதனைக்குப் போகும் உறுப்பை ஃபார்மலினில் (திசு அழுகாமல் காக்கும் ரசாயனக் கரைசல்) போட்டால் சோதனையே பாழ். அதற்குச் செறிவான உப்புக் கரைசல் வேண்டும். அடியில் கரையாத உப்பு தங்கும் அளவுக்குக் கலந்தது. 10 சதவீத ஃபார்மலின் திசு ஆய்வுக்கு மட்டும். இரைப்பையும் அதிலுள்ளதும் ஒரு ஜாடி, கல்லீரலும் சிறுநீரகமும் தனி ஜாடி. இந்தப் பிரிப்பு வெறும் சடங்கல்ல: இரைப்பையில் மட்டும் விஷம் இருந்தால் "செத்த பிறகு வாயில் போட்டார்கள்" என்று எதிர்த்தரப்பு வாதிடலாம், கல்லீரலிலும் இருந்தால் உயிரோடு உடலில் ஏறியது தெளிவாகும். ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும், வாயு சேரும். கலந்த அதே உப்புக் கரைசலில் கொஞ்சம் தனியாக அனுப்ப வேண்டும்; இல்லையென்றால் "உப்பிலேயே விஷம் இருந்தது" என்பார்கள். பாஸ்பைடு சந்தேகமென்றால் அந்த மாதிரியைக் காற்றுப் புகாத ஜாடியில் உறைய வைப்பதே சரி. ஒவ்வொரு ஜாடிக்கும் சீல், தேதி, கையொப்பம்.

நாயைத் தோலுரித்துப் பார்க்கவும் கேளுங்கள். ரோமத்துக்கு அடியில் கன்றிய காயம் வெளியே தெரியாது. அடித்துக் கொன்றுவிட்டுச் சோற்றை வைத்திருக்கவும் கூடும். புதிய முறிவோடு ஆறிவரும் பழைய முறிவும் இருந்தால், அடி ஒரு நாளில் விழுந்ததல்ல.

ஏற்கெனவே புதைத்துவிட்டார்களா? போலீஸ் முன்னிலையில் தோண்டலாம். உடலுக்கு மேல், கீழ் மண்ணோடு, சற்றுத் தள்ளியுள்ள மண்ணும் ஒப்பிடத் தேவை. ஆர்சனிக் போன்ற உலோக நஞ்சுகள் நிலைக்கும், பூச்சிமருந்துகள் பல சீக்கிரம் சிதைந்துவிடும்.

ஆய்வகத்துக்குப் போகும் கடிதத்தில் சந்தேகப் பொருளின் பெயரை எழுதச் சொல்லுங்கள்: எலி மருந்தா, பூச்சிமருந்தா, கண்மணி சுருங்கி எச்சில் வடிந்து துடித்ததா என்று. எதைத் தேடுவது என்று தெரியாத ஆய்வகத்திலிருந்து "நஞ்சு கண்டறியப்படவில்லை" என்று வந்தால், அவர்கள் தேடிய நஞ்சுகள் அதில் இல்லை என்பதே பொருள். எவற்றுக்குச் சோதித்தார்கள் என்ற பட்டியலைக் கேட்டு, விட்டுப்போனதற்கு மறுசோதனை கோரலாம்.