புது மாடல் பற்றிய வதந்தித் தளங்களால் மொபைல் கம்பெனிகளுக்கு நிஜமாகவே பாதிப்பு உண்டா?

உண்டு. இப்போதே வாங்குவதா, அடுத்த மாடலுக்குக் காத்திருப்பதா என்ற குழப்பத்தில்தான் நீங்கள் கேட்டிருப்பீர்கள். மொபைல் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

2007 மே மாதம், ஐபோன் வெளியீடு அக்டோபருக்குத் தள்ளிப்போகிறது என்று எங்கேட்ஜெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் எழுதியது. அவர்களுக்குக் கிடைத்த மின்னஞ்சலே போலி. சில நிமிடங்களில் ஆப்பிளின் சந்தை மதிப்பு சுமார் 400 கோடி டாலர் சரிந்தது. போன் சொன்னபடி ஜூனிலேயே வந்தது. ஆப்பிள் தாங்கிக்கொண்டது. திருவண்ணாமலையில் வளர்ந்த ஆடம் ஆஸ்போர்னின் கம்ப்யூட்டர் கம்பெனி 1983-ல் திவாலே ஆனது. அடுத்த மாடல் பற்றிய பேச்சு முன்கூட்டியே வெளியே போனதும் டீலர்கள் ஆர்டரை நிறுத்திவிட்டார்கள். அங்கே வாய்விட்டது கம்பெனிதான், போட்டியும் கடுமை என்று சிலர் வாதிடுவார்கள். இருக்கட்டும். டீலர் கையைக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

கல்லூரி சேரும் பெண்ணுக்குப் போன் வாங்க ஒரு அப்பா வந்தார். கலர் வரை முடிவாகி, சீட்டுப் பணத்தைக் கவரிலிருந்து எடுத்து மேஜையில் எண்ணிக்கொண்டிருந்தார். அதற்குள் அண்ணன்காரன் போனில், "அடுத்த மாசம் புது மாடல் வருதாம், பழசு விலை பாதியாயிடும்" என்றான். பணம் மறுபடி கவருக்குள் போய்விட்டது. புது மாடல் மாதக்கணக்கில் தாமதமாக, அதிக விலையில் வந்தது. அதுவரை அந்தப் பெண் கீறல் விழுந்த பழைய போனில்தான் பாடம் படித்தாள். எனக்கு வட்டிக்கு வாங்கிப் போட்ட ஸ்டாக் முடங்கியது. இந்தக் கணக்கை எந்தத் தளமும் எழுதாது.

உடனே "கடைக்காரன் வேறென்ன சொல்வான்" என்று கமெண்ட் போடாதீர்கள். தளங்களை மூடச் சொல்லவில்லை. ஒரு மாணவர் நடத்திய திங்க் சீக்ரெட் என்ற ஆப்பிள் வதந்தித் தளத்தின் மீது ஆப்பிள் 2005-ல் வழக்குப் போட்டதும், கடைசியில் அது மூடப்பட்டதும் எனக்கு உடன்பாடில்லை. தப்பாக எழுதினால் அதே பெரிய எழுத்தில் தப்பு என்று போடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.