வாய் வலிக்கு மரத்துப்போகும் ஜெல்: வாங்கும் முன்பும் தடவும் முன்பும்

கேள்வி: உதட்டின் உட்பக்கம் சின்னதாக ஒரு வாய்ப்புண். மருந்துக்கடையில் மூன்று ட்யூப்களை எடுத்து வைத்தார்கள். மூன்றுமே வாய்ப்புண்ணுக்குத்தான் என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: பெட்டியின் முன்பக்கத்தில் இருக்கும் பெரிய எழுத்தை விட்டுவிடுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்தின் பெயரும் அதன் சதவீதமும் இருக்கும். அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பிராண்டு எதுவானாலும் உள்ளே இருப்பது அநேகமாகக் கீழே சொல்பவற்றில் ஒன்றாகவே இருக்கும்.

பென்சோகெய்ன்: தொட்ட இடத்தை ஒரு நிமிடத்துக்குள் மரத்துப்போகச் செய்யும். கால் மணி நேரத்துக்குள் உணர்வு திரும்பிவிடும். 7.5, 10, 20 சதவீதங்களில் வருகிறது. 20 சதவீதம் என்றால் ஒரு கிராம் ஜெல்லில் 200 மி.கி. மருந்து இருக்கிறது. சின்னப் புண்ணுக்கு அவ்வளவு வீரியம் தேவையில்லை, குறைந்த சதவீதமே போதும்.

லிடோகெய்ன்: சில பெட்டிகளில் லிக்னோகெய்ன் என்று இருக்கும். இரண்டும் ஒரே மருந்துதான், பெயர் மட்டும் வேறு. இது தெரியாமல் ஒன்றின் மேல் இன்னொன்றைத் தடவி அளவை இரட்டிப்பாக்கிக்கொள்பவர்கள் உண்டு. வாய்க்கான ஜெல்லில் பொதுவாக 2 சதவீதம் இருக்கும். வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் ஐந்து நிமிடம் ஆகும்.

கோலின் சாலிசிலேட்: இது மரத்துப்போகச் செய்யும் மருந்து இல்லை, ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த வலி நிவாரணி. பல ஜெல்களில் லிக்னோகெய்னுடன் சேர்த்தே வருகிறது. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், ஆஸ்பிரின் எடுத்தால் இளைப்பு வருபவர்கள் இதை வாங்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த வகை ஜெல் கூடாது என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-லேயே அறிவுறுத்திவிட்டது. சாலிசிலேட்டுகளுக்கும், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்கும் தொடர்பு இருப்பதே காரணம்.

ட்ரையாம்சினோலோன் 0.1 சதவீதப் பசையும் இதே அலமாரியில்தான் இருக்கும். அது ஸ்டீராய்டு. புண்ணின் அழற்சியைக் குறைக்குமே தவிர உடனே மரத்துப்போகச் செய்யாது. கிருமித் தொற்று உள்ள இடத்தில் வைத்தால் நிலைமை மோசமாகும். அதை மருத்துவர் சொல்லி வாங்குவதே சரி.

உதட்டின் உட்பக்கம் ஒரே ஒரு சின்னப் புண், வேறு நோய் எதுவும் இல்லாத பெரியவர் என்றால் 2 சதவீத லிடோகெய்ன் ஜெல் போதும்.

கேள்வி: தடவிய இரண்டாவது நிமிடமே எச்சிலோடு கரைந்து போய்விடுகிறது. நாக்கெல்லாம் மரத்துப்போகிறது, புண் மட்டும் வலிக்கிறது. மருந்து மட்டமா?

பதில்: மருந்தில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. ஈரமான இடத்தில் தடவியிருப்பீர்கள். எச்சில் படிந்த சவ்வின் மேல் ஜெல் ஒட்டாது, வழுக்கிக்கொண்டு நாக்குக்கும் தொண்டைக்கும் போய்விடும். முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, வெளிச்சத்தில் செய்ய வேண்டிய வேலை இது.

கையைக் கழுவுங்கள். வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்து உமிழுங்கள். உதட்டை விரலால் வெளிப்பக்கமாக மடித்துப் பிடித்துக்கொண்டு, புண்ணையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் சுத்தமான காஸ் துணியாலோ பஞ்சாலோ ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் புண்ணின் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய படலம் பிய்ந்து எரிச்சல் கூடும். பஞ்சுக் குச்சியின் நுனியில் மிளகு அளவு ஜெல் எடுத்துப் புண்ணின் மேல் வையுங்கள். உதட்டை உடனே விடாமல் ஒரு நிமிடம் அப்படியே மடித்துப் பிடித்திருங்கள். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இந்த ஒரு நிமிடத்தைத்தான். பிறகு வாயில் ஊறும் எச்சிலை விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

ட்யூபின் மூக்கை நேராகப் புண்ணில் வைத்துப் பிதுக்காதீர்கள். அளவு கைமீறிப் போகும், புண்ணில் உள்ள கிருமியும் ட்யூபுக்குள் போகும்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை தடவை தடவலாம்? வலி திரும்பியதும் உடனே தடவினால் என்ன?

பதில்: பென்சோகெய்ன் ஜெல் என்றால் நாளுக்கு 4 தடவை, அதிகபட்சம் 7 நாள். லிடோகெய்ன் ஜெல்லுக்குப் பெட்டியில் போட்டிருக்கும் இடைவெளியைப் பின்பற்றுங்கள். எதுவும் போடவில்லை என்றால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

பட்டாணி அளவு ஜெல் ஏறக்குறைய கால் கிராம். 2 சதவீத லிடோகெய்னில் அது 5 மி.கி. மருந்து. 20 சதவீத பென்சோகெய்னில் அதே பட்டாணி 50 மி.கி. ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவாகத்தான் தெரியும்.

மருத்துவர் எழுதிக்கொடுக்கும் கெட்டியான லிடோகெய்ன் திரவத்தில் கணக்கு இன்னும் இறுக்கமானது. 2 சதவீதத் திரவத்தில் 15 மி.லி. எடுத்தாலே 300 மி.கி. ஆகிவிடுகிறது. பெரியவருக்கு ஒரு வேளைக்கான உச்சவரம்பே அவ்வளவுதான். வாயில் சுழற்றித் துப்ப வேண்டும். மூன்று மணி நேர இடைவெளி கட்டாயம், ஒரு நாளில் 8 வேளையைத் தாண்டக் கூடாது.

புண்ணான சவ்வு நல்ல சவ்வைவிட அதிகமாக மருந்தை உறிஞ்சும். அதனால் வாய் முழுக்கப் புண் உள்ளவருக்கு அதே அளவே கூடுதலாகிப்போகலாம். காதில் ரீங்காரம், நாக்கில் உலோகச் சுவை, தடவாத இடத்திலும் வாயைச் சுற்றிக் கூச்சம், காரணமில்லாத தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், கை நடுக்கம் எல்லாம் லிடோகெய்ன் ரத்தத்தில் அதிகமாகிவிட்டதற்கான அறிகுறிகள். உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்களும், இதயத் துடிப்பைச் சீராக்கும் மாத்திரையோ ப்ராப்ரனலோலோ சாப்பிடுபவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் உடலிலிருந்து இந்த மருந்து மெதுவாகவே வெளியேறும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தை, பல் முளைக்கிறது, இரவெல்லாம் அழுகிறாள். ஈறில் துளி ஜெல் தடவினால் தூங்கிவிடுவாள் என்கிறார்கள். தடவலாமா?

பதில்: வேண்டாம். ஒரு துளிகூட வேண்டாம்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வாயில் தடவும் பென்சோகெய்ன் எதையும் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 மே மாதம் எச்சரித்தது. பல் முளைப்பு வலிக்கான பென்சோகெய்ன் பொருட்களை விற்பதையே நிறுத்தும்படி நிறுவனங்களையும் கேட்டுக்கொண்டது. அதற்கு முன்பே, 2014-இல், 2 சதவீத லிடோகெய்ன் திரவத்தைப் பல் முளைப்பு வலிக்குக் கொடுக்கக் கூடாது என்று கட்டம் கட்டிய எச்சரிக்கையை லேபிளில் சேர்க்க வைத்தது. ஐந்து மாதம் முதல் மூன்றரை வயது வரையிலான குழந்தைகளுக்கு ஏற்பட்ட 22 கடுமையான பாதிப்புகளை ஆராய்ந்த பிறகு எடுத்த முடிவு அது. அவற்றில் உயிரிழப்புகளும் இருந்தன.

லிடோகெய்னுக்குச் சொல்லப்படும் மேல்வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு அது 45 மி.கி. ஆகிறது. 2 சதவீதத் திரவத்தில் அரை டீஸ்பூன்கூட வேண்டாம், அதற்குள் அந்த வரம்பு வந்துவிடும். குழந்தைக்கோ துப்பத் தெரியாது, தடவியதெல்லாம் வயிற்றுக்குத்தான் போகும். தொண்டை மரத்துப்போனால் பால் குடிக்கும்போது புரையேறும். இத்தனை ஆபத்துக்கும் ஈடாகப் பலன் எதுவும் இல்லை. குழந்தைக்கு ஊறும் எச்சிலில் ஜெல் சில நிமிடங்களில் அடித்துப் போய்விடும், அழுகை திரும்பிவிடும்.

நன்றாகக் கழுவிய விரலால் ஈறை இரண்டு நிமிடம் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். கெட்டியான ரப்பர் கடிவளையத்தைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து எடுத்துக் கொடுங்கள். உறைபெட்டியில் வைக்காதீர்கள், கல்லாக உறைந்தது ஈறைக் காயப்படுத்தும். கழுத்தில் போடும் பல் முளைப்பு மணிமாலை வேண்டவே வேண்டாம், கழுத்தை இறுக்கும், மணி உதிர்ந்தால் மூச்சுக்குழலை அடைக்கும். நல்ல காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அதைப் பல்லின் மேல் போட்டுவிடாதீர்கள், குழந்தையைக் காட்டுங்கள்.

கேள்வி: பென்சோகெய்ன் பெட்டியில் “மெத்தெமோகுளோபினீமியா” என்று ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பயப்பட வேண்டிய விஷயமா?

பதில்: அரிதாகத்தான் வரும். ஆனால் வந்தால் நிமிடங்களில் முற்றும் என்பதால் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

ரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஒரு குறிப்பிட்ட வடிவில் இருந்தால்தான் ஆக்சிஜனைச் சுமக்கும். பென்சோகெய்ன் சிலருக்கு அந்த இரும்பின் வடிவத்தை மாற்றிவிடுகிறது. நுரையீரல் நன்றாக வேலை செய்தாலும் உடலுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. மாறியதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் நொதி கைக்குழந்தைகளுக்குக் குறைவு. அதுவும் குழந்தைகளுக்கு இது கூடாது என்பதற்கு ஒரு காரணம்.

தடவிய சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு, நகம், தோல் வெளிறியோ சாம்பல் அல்லது நீலம் பூத்தோ தெரியும். மூச்சுத் திணறல், தலைவலி, தலைசுற்றல், படபடப்பு, குழப்பம் கூடவே வரலாம். முதல் தடவையிலேயே வரலாம், பல தடவை ஒன்றும் ஆகாமல் தடவியவருக்கும் வரலாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். இந்த நிலையில் அது சரியாக அளக்காது, முற்றிய நிலையிலும் 85-ஐ ஒட்டியே காட்டிக்கொண்டிருக்கும்.

அவசர சிகிச்சைக்குப் போகும்போது அந்த ட்யூபையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். மெத்திலீன் ப்ளூ என்ற மாற்று மருந்து இருக்கிறது. ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ளவர்களுக்கு அந்த மாற்று மருந்தே கேடாகலாம் என்பதால், அக்குறைபாடு இருப்பது தெரிந்தால் போனவுடன் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் பென்சோகெய்னை வாங்காமல் இருப்பதே நல்லது. ஆஸ்துமா, மூச்சுக்குழாய் அழற்சி, இதயநோய் உள்ளவர்களும் புகைப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தொண்டைக்கு அடிக்கும் பென்சோகெய்ன் ஸ்ப்ரேயில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஜெல்லின் அளவு கண்ணுக்குத் தெரியும். ஸ்ப்ரேயில் ஒரு விநாடி கூடுதலாக அழுத்தினால் எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: கடைவாய்ப்பல்லில் சொத்தை. எவ்வளவு ஜெல் வைத்தாலும் வலி குறையவில்லை. அதிக சதவீதம் வாங்கலாமா?

பதில்: வலி பல்லுக்குள் இருக்கும் நரம்பிலிருந்து வருகிறது. ஜெல் மரத்துப்போகச் செய்வது மேல்சவ்வை மட்டும்தான், பல்லின் கெட்டியான மேற்பகுதியைத் தாண்டி அது இறங்காது. அழற்சி உள்ள இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் அங்கே இந்த மருந்துகளின் வேலையும் குறைந்துபோகும். 20 சதவீதம் வாங்கினால் ஆபத்துதான் கூடும்.

பல் மருத்துவரைப் பார்க்கும்வரை, உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரையை அதற்குரிய அளவில் விழுங்குவது மேல். அதை ஈறின் மேல் வைத்து அடக்கிக்கொள்ளாதீர்கள். ஆஸ்பிரின் மாத்திரை ஈறை வெள்ளையாக வேகவைத்துவிடும், பிறகு வலிக்கு இரண்டு காரணம் ஆகிவிடும். கிராம்புத் தைலத்தையும் நீர்க்காமல் ஊற்றினால் இதே கதைதான்.

முகம் வீங்குவது, காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: தடவியபின் எப்போது சாப்பிடலாம்?

பதில்: லிடோகெய்ன் திரவம் கொப்பளித்தாலோ தொண்டைக்கு ஸ்ப்ரே அடித்தாலோ 60 நிமிடம் எதுவும் சாப்பிடாதீர்கள், குடிக்காதீர்கள், சூயிங்கமும் மெல்லாதீர்கள். ஒற்றைப் புண்ணில் மிளகு அளவு தடவியிருந்தால் உணர்வு முழுதாகத் திரும்பும்வரை பொறுங்கள். மரத்த கன்னத்தைக் கடித்து ரத்தம் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. சூடான பானம் இன்னும் மோசம், சுடுவதே தெரியாமல் வாய் வெந்துவிடும். சாப்பிட்டு முடித்து, வாய் கொப்பளித்துவிட்டுத் தடவுவதே வசதி.

கேள்வி: பல்செட் உரசி ஈறு புண்ணாகிவிடுகிறது. ஜெல் தடவி மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: ஜெல்லின் மேல் பல்செட்டை மாட்டினால் மருந்து சவ்வோடு அழுந்தி வெகுநேரம் நிற்கும். சாலிசிலேட் ஜெல் என்றால் அங்கேயே அரிக்கும். தடவினால் குறைந்தது அரை மணி நேரம் பல்செட்டைக் கழற்றி வையுங்கள். வலி தெரியாமல் மாட்டிக்கொண்டே இருந்தால் புண் ஆழமாகும். உரசும் விளிம்பைப் பல் மருத்துவர் சில நிமிடங்களில் தேய்த்துக் கொடுத்துவிடுவார். நீங்களே அரத்தால் தேய்க்காதீர்கள், பிடிமானமே போய்விடும்.

கேள்வி: தலைச்சாயம் பூசினால் எனக்குத் தோல் தடித்து அரிக்கும். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. பல தலைச்சாயங்களில் இருக்கும் பாராஃபினிலீன்டையமைனுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு பென்சோகெய்னும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், இரண்டின் வேதி அமைப்பும் நெருங்கியது. லிடோகெய்ன் வேறு வகை. மருந்தாளுநரிடம் இதைச் சொல்லியே கேளுங்கள்.

கேள்வி: தோலை மரத்துப்போகச் செய்யும் கிரீம் வீட்டில் இருக்கிறது. அதையே வாயில் தடவினால் என்ன?

பதில்: கூடாது. தோல் தடிமனானது, மருந்தை மெல்லத்தான் விடும். வாய்ச் சவ்வு மளமளவென்று உறிஞ்சும். அந்தக் கிரீம்கள் சிலவற்றில் ப்ரிலோகெய்னும் சேர்ந்திருக்கும், மேலே சொன்ன ரத்தக் கோளாறை அதுவும் உண்டாக்கும். பெட்டியில் வாய்க்கு என்று தெளிவாக எழுதியிருக்கும் மருந்தை மட்டும் வாயில் வையுங்கள்.

கேள்வி: ஜெல் தடவினால் வலி இல்லை, ஆனால் புண் ஒரு மாதமாக அப்படியே இருக்கிறது.

பதில்: சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். மூன்று வாரம் தாண்டிய எந்தப் புண்ணையும் பல் மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும், வலி இல்லாவிட்டாலும்தான். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. விளிம்பு தடித்திருப்பது, தொட்டால் ரத்தம் கசிவது, பக்கத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருப்பது, கழுத்தில் கட்டி இவற்றில் ஏதாவது இருந்தால் நாள் தள்ளாதீர்கள். பார்க்கப் போகும் அன்று ஜெல் தடவாமல் போங்கள். எங்கே தொட்டால் வலிக்கிறது என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.