மலையில் இருந்துகொண்டு புற்றுநோய் வைத்தியம்: கேள்விகளும் என் பதில்களும்

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான், ஊர் கோத்தகிரி பக்கம். எந்த மருந்து, எத்தனை டோஸ் என்பதையெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், மற்றதை என்னிடம் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

குன்னூரிலிருந்து: அக்கா, அம்மாவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். கோவையில் ரேடியேஷன் ஐந்து வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் என்கிறார்கள். வீட்டிலிருந்தே போய் வந்துவிடலாமா?

வேண்டாம். மெஷினில் படுப்பது சில நிமிடம்தான், ஆனால் அதற்காக பர்லியார் வழியில் 14 கொண்டை ஊசி வளைவு இறங்கி, மறுபடி ஏறி, அதையே அடுத்த நாளும் செய்ய வேண்டும். போகப் போக பலருக்கு வயிற்றுப்போக்கும் நீர்க்கடுப்பும் ஆரம்பிக்கும், அப்போது பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதே பெரும்பாடு. வார நாட்களில் கீழே தங்குங்கள். வார்டில் சேர்த்துக்கொள்வார்களா, பக்கத்தில் குறைந்த வாடகைக்கு அறை இருக்கிறதா என்று முதல் நாளே அங்குள்ள சமூகப் பணியாளரிடம் கேளுங்கள், அவர் இல்லாவிட்டால் வார்டு நர்ஸிடம். சனி ஞாயிறு வீட்டுக்கு வரட்டும், ஆனால் ஐப்பசி மழையில் எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது, அதனால் ஞாயிறு மதியமே இறங்கிவிடுங்கள். இந்த நோய்க்கு ரேடியேஷன் முழுவதையும், மெஷினுக்குப் பிறகு கருவியை உடம்புக்குள் வைத்துக் கொடுக்கும் ரேடியேஷனையும் சேர்த்து, 8 வாரத்துக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். இழுத்துக்கொண்டே போனால் பலன் குறையும்.

ஊட்டியிலிருந்து: கணவருக்குக் கீமோ. சொந்தக்காரர்கள் வருகிறார்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலை வைக்கிறார்கள், அழுகிறார்கள், "எதுன்னாலும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எல்லாவற்றையும் நான் ஒருத்தி பார்க்கிறேன்.

அவர்கள் பொய் சொல்லவில்லை தங்கச்சி, என்ன செய்வது என்று தெரியாமல்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதனால் அடுத்த முறை ஒருவர் அந்த வார்த்தையைச் சொன்னதும் ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிடுங்கள்: "வியாழக்கிழமை கீமோ, பையனை ஸ்கூலிலிருந்து கூட்டிவந்து ராத்திரி சாப்பாடு போட்டுவிடுங்கள்." இன்னொருவருக்கு ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வாங்கும் வேலை, கார் வைத்திருக்கும் மச்சானுக்கு மாதம் ஒரு தடவை கோவை. பணமாகக் கொடுக்க நினைப்பவரிடம் டீசல் போடச் சொல்லுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. அப்புறம் "இப்போ எப்படி இருக்கார்" என்று ஆளுக்கு ஆள் போன் பண்ணுவதே பாதி உயிரை எடுத்துவிடும். நாத்தனாரோ கொழுந்தனோ, கொஞ்சம் நிதானமான ஒருவரைப் பிடித்து, எல்லோருக்கும் அவரே தகவல் சொல்லட்டும்.

ராத்திரி தூக்கம் வராமல் நெஞ்சு அடைப்பது போல இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், கவலைதான் என்று நாமாக முடிவு பண்ண வேண்டாம். மனசு விட்டுப் பேச 14416 இருக்கிறது, டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், நடு ராத்திரியிலும் தமிழில் பேசலாம். நோயாளிக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், பார்த்துக்கொள்கிறவர்களுக்கும்தான்.

கோத்தகிரியிலிருந்து: அப்பாவிடம் "கட்டி" என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். உண்மை தெரிந்தால் உடைந்துவிடுவார். நாங்கள் செய்வது சரிதானே?

உங்கள் பயம் புரிகிறது, ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ரேடியேஷன் பிரிவு வாசலில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் "உங்களுக்கு எங்கே கேன்சர்?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார். அப்பாவுக்குத் தெரிந்துவிடும், பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று அவரும், அவர் உடைந்துவிடுவாரே என்று நீங்களும் ஆளுக்கொரு பக்கம் நடித்துக்கொண்டிருந்தால் அவர் தன் பயத்தை யாரிடம்தான் சொல்வார்? நிலம், பேங்க் கணக்கு, பேத்தி கல்யாணம் என்று அவர் பேச நினைப்பது எவ்வளவோ இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. "டாக்டர் சொல்வதை உங்களிடமே சொல்லச் சொல்லட்டுமா, இல்லை நாங்கள் கேட்டுக்கொள்ளட்டுமா?" என்று அவரிடமே கேளுங்கள். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் சரி, விடுங்கள். ஆனால் அவர் நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: புற்றுநோய்க்கு ரேடியேஷன் போகிறது. மாமியார் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். குழந்தையைத் தூக்கவும் விடுவதில்லை.

புற்றுநோய் தட்டில் ஒட்டாது, எச்சிலில் பரவாது. உங்களுக்கு வெளியிலிருந்து மெஷினில்தான் ரேடியேஷன், அது உடம்பில் தங்காது, குழந்தையைத் தாராளமாகத் தூக்குங்கள். அடுத்த தடவை மாமியாரையும் கூட்டிப்போய் டாக்டர் வாயாலேயே சொல்லவையுங்கள், மருமகள் சொன்னால் எடுபடாது.

மஞ்சூரிலிருந்து: குடல் புற்றுநோய்க்குக் கீமோ போகிறது. பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் ஷாக் அடிக்கிறது. டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயமா?

கட்டாயம். ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து போகிறவர்களுக்கு இது வரும், ஊசி போட்ட சில நாட்களுக்கு அதிகமாக இருக்கும். சமவெளியில் இருப்பவர் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் போதும், நமக்கோ ஊரே ஃபிரிட்ஜ். கையுறை, மூக்கையும் வாயையும் மூடி மஃப்ளர், குடிக்கவும் கழுவவும் வெந்நீர், பனி விலகும் முன் தோட்டத்துக்குப் போகாமல் இருப்பது, இவ்வளவுதான். சட்டைப் பட்டன் போட முடியாத அளவுக்கு மரத்துப்போனால் அடுத்த டோஸுக்கு முன்பே சொல்லுங்கள், அளவை மாற்றுவார்கள்.

இதோடு ஒன்று, கீமோ போகிற எல்லோருக்கும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மலைச் சளி என்று கஷாயம் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். விடியட்டும், கோவை போகலாம் என்றும் இருக்காதீர்கள். கீமோ ஃபைலோடு உடனே பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கூடலூரிலிருந்து: எஸ்டேட் வேலை. முதலமைச்சர் காப்பீட்டில் ஆகுமா?

ஆகும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ. மூலம் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு ஊட்டி கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. கையிலிருந்து பணம் கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். திட்டத்தில் உள்ள மருத்துவமனையா என்று பாருங்கள், அட்மிஷன் போடும்போதே காப்பீட்டு கவுண்டரில் அட்டையைக் காட்டுங்கள், அனுமதி வந்த பிறகு சிகிச்சையை ஆரம்பியுங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993, இலவச எண்தான்.