விசிட் விசாவில் துபாய் போகும் மகன்: ஓர் அப்பாவின் கேள்விக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஏ.சி. சர்வீஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற மகனை, ஊரிலிருக்கும் ஏஜென்ட் ஒருவர் துபாய்க்குக் கூப்பிடுகிறார். ‘விசிட்ல அனுப்பிடறேன், இறங்குன உடனே வேலை, விசாவை அங்கேயே மாத்திக்கலாம்’ என்று சொல்லி ஒரு லட்சத்து இருபதாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

பணத்தைக் கொடுக்காதீர்கள். அதற்காக மகன் விசிட்டில் போவதே தப்பு என்று அர்த்தமில்லை. போகலாமா என்பது ஒன்று, இந்த ஏஜென்ட் மூலம் போகலாமா என்பது வேறொன்று. அவர் இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்கிறார், அவ்வளவுதான்.

முதலில் சட்டம். ஐக்கிய அரபு அமீரகத்தில் விசிட் விசாவில் இருந்துகொண்டு வேலை தேடலாம், இன்டர்வியூ போகலாம். வேலை கிடைத்தால் நாட்டை விட்டு வெளியேறாமலே வேலை விசாவுக்கு மாறவும் முடியும். ‘ஸ்டேட்டஸ் சேஞ்ச்’ என்று அங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் ஈரானின் கிஷ் தீவுக்குப் போய், புது விசா வரும்வரை அங்கே காத்துக் கிடந்து திரும்புவார்கள். இப்போது அந்த அலைச்சல் இல்லை, கட்டணம் கட்டினால் உள்ளேயே முடிந்துவிடும்.

ஆனால் மாற்றுவது யார் என்பதில்தான் ஏமாறுகிறார்கள். உங்கள் மகனால் தன் விசாவைத் தானே மாற்றிக்கொள்ள முடியாது, ஏஜென்டாலும் முடியாது. அங்கே உரிமம் பெற்ற ஒரு கம்பெனி, மனிதவள அமைச்சகத்தில் உங்கள் மகனுக்காக விண்ணப்பிக்க வேண்டும். முதலில் அமைச்சகத்தின் படிவத்தில் ஆஃபர் லெட்டர் வரும். மகன் அதில் கையெழுத்துப் போட்ட பிறகு வொர்க் பெர்மிட்டுக்கு ஒப்புதல், அதன்பின் வேலைக்கான என்ட்ரி பெர்மிட், ஸ்டேட்டஸ் சேஞ்ச். பிறகு ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, கைரேகை, கடைசியாக அந்நாட்டு அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடி. ஃப்ரீ ஸோன் (தனி நிர்வாகத்தோடு இயங்கும் வணிக மண்டலம்) கம்பெனி என்றால் அமைச்சகத்துக்குப் பதிலாக அந்த ஸோனின் நிர்வாகம் இதைச் செய்யும். எப்படியானாலும் ஆரம்பிக்க வேண்டியது கம்பெனிதான். அதனால் ஏஜென்டிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘எந்தக் கம்பெனி? ஆஃபர் லெட்டரைக் காட்டுங்க.’ வேலை உண்மையிலேயே ரெடி என்றால், மகன் இங்கே இருக்கும்போதே அந்தக் கம்பெனி எம்ப்ளாய்மென்ட் விசா எடுத்து அனுப்பலாமே? விசிட்டில் அனுப்ப வேண்டிய அவசியம் என்ன? இதற்கு நேரான பதில் வராது.

இன்னொன்று. அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 33-ஆம் எண் தொழிலாளர் சட்டப்படி, ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் கம்பெனி நேராகவோ சுற்றிவளைத்தோ வாங்கக் கூடாது. பெர்மிட், விசா, மெடிக்கல் எல்லாம் கம்பெனி கணக்கு. நம் நாட்டிலும் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்ற ரெக்ரூட்டிங் ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் என்று வரம்பு இருக்கிறது. உங்களிடம் கேட்டிருப்பது அதைப்போல நான்கு மடங்கு. அவருடைய பதிவு எண்ணை வாங்கி இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். டிராவல்ஸ் போர்டு மாட்டியிருப்பவரெல்லாம் ரெக்ரூட்டிங் ஏஜென்ட் ஆகிவிட மாட்டார்.

மகனிடம் நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இன்டர்வியூ முடிந்ததும் சில கம்பெனிகளில், குறிப்பாகச் சின்ன மெயின்டனன்ஸ் கம்பெனிகளில், ‘விசா பிராசஸ்ல இருக்கு, நீ திங்கட்கிழமையே சைட்டுக்கு வந்துடு, ட்ரயல் மாதிரி’ என்பார்கள். வேலை கிடைத்த சந்தோஷத்தில் பையன் போய்விடுவான். வொர்க் பெர்மிட் இல்லாமல் ஒருநாள் வேலை செய்தாலும் அது சட்டவிரோதம். சோதனையில் மாட்டினால் அபராதம், நாடு கடத்தல் என்று போகும். 2024-இல் சட்டத்தைத் திருத்தி, பெர்மிட் இல்லாமல் ஆள் வைக்கும் கம்பெனிக்கு ஒரு லட்சம் திர்ஹாமிலிருந்து பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கும் அஞ்சாத முதலாளி உங்கள் பையனுடைய ஒரு மாதச் சம்பளத்தைப் பொருட்படுத்துவாரா? என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் இப்படி ஒரு மாதத்துக்கு மேல் டக்ட் (ஏ.சி. காற்றுக் குழாய்) வேலை பார்த்தார். சம்பளம் கேட்டபோது ‘உன்னை யாருன்னே தெரியாது’ என்றார்களாம். கையில் ஒப்பந்தம் இல்லை, பெர்மிட் இல்லை. புகார் கொடுக்கப் போனால் தானே மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். பேசாமல் ஊர் திரும்பிவிட்டார்.

ஆஃபர் லெட்டரை எப்படிப் படிப்பது என்று பலருக்குத் தெரிவதில்லை. கம்பெனி லெட்டர்ஹெட்டில் ‘மாதம் 3,500 திர்ஹாம்’ என்று அழகாக அடித்துக் கொடுப்பார்கள். அது ஒரு பேச்சுத்தான். அமைச்சகப் படிவத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். அடிப்படை 1,200 என்றும் மீதி அலவன்ஸ் என்றும் போட்டிருந்தால், கைக்கு வருவது அதே 3,500 தான். ஆனால் வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி 1,200-ஐ வைத்துத்தான் கணக்கிடப்படும். முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். பதவிப் பெயரையும் பாருங்கள். ‘இன்ஜினியர்’ என்று பேசிவிட்டுப் படிவத்தில் ‘ஹெல்ப்பர்’ என்று போட்டிருந்தால் கையெழுத்துப் போடவே கூடாது. இந்தப் படிவம் அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் கிடைக்கும். அந்த மொழிகளில் தமிழும் உண்டு. பிறகு போடும் ஒப்பந்தம் இந்த ஆஃபரோடு ஒத்துப்போக வேண்டும். சந்தேகம் வந்தால் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையத்தைக் கேட்கலாம். 800 46342 என்ற எண்ணுக்கு அங்கிருந்து இலவசமாகப் பேசலாம்.

சரி, ஏஜென்ட் இல்லாமல் மகன் தானாகவே போய்த் தேடுவதென்றால்?

போகட்டும். ஆனால் டிகிரி சான்றிதழ் அட்டெஸ்டேஷன், அதாவது அது உண்மையானது என்ற அரசு அத்தாட்சி, முடிந்து கையில் இருக்க வேண்டும். மாநில அரசின் சரிபார்ப்பு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று மூன்று படிகள். இன்ஜினியர் பதவிக்கு விசா போட அட்டெஸ்ட் செய்த டிகிரி கேட்பார்கள். இதை இங்கேயே விட்டுவிட்டுப் போய், வேலை கிடைத்த பிறகு ஒரிஜினலைக் கூரியரில் அனுப்பி, அது சென்னைக்கும் டெல்லிக்கும் அலைந்து முடிவதற்குள் விசிட் தேதி முடிந்துவிடும். தேதி தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம்.

சாதாரண விசிட் விசாவுக்குப் பதில், வேலை தேடுவதற்கென்றே அமீரகம் 60, 90, 120 நாட்களுக்கு ஒரு விசா தருகிறது. ஸ்பான்சர், அதாவது அங்கே பொறுப்பேற்கும் ஆளோ கம்பெனியோ, தேவையில்லை. டிகிரி இருக்க வேண்டும், தொழிலும் அவர்கள் வகுத்திருக்கும் மேல்நிலைப் பிரிவு ஒன்றில் வர வேண்டும். உங்கள் மகனுக்குப் பொருந்த வாய்ப்பிருக்கிறது, முதலில் இதைப் பாருங்கள். ஏர்போர்ட்டில் எதற்குப் போகிறாய் என்று கேட்டால் மனதில் உறுத்தல் இல்லாமல் பதில் சொல்லலாம். சுற்றுலா என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் பத்து பயோடேட்டாவும் சேஃப்டி ஷூவும் வைத்திருந்தால், சென்னையிலேயே இமிக்ரேஷனில் நிறுத்திவிடுகிறார்கள். விசிட் விசா என்றால் திரும்பும் டிக்கெட், தங்குமிடத்துக்கான அத்தாட்சி, கைச்செலவுக்குப் பணம் மூன்றும் காட்டத் தயாராக இருக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். நோன்பு மாதத்திலும் ஜூலை, ஆகஸ்ட் வெயிலிலும் ஆளெடுப்பு மந்தம்; மேனேஜர்கள் பாதிப்பேர் லீவில் இருப்பார்கள். செப்டம்பர் கடைசி அல்லது ஜனவரியில் இறங்குவது நல்லது. துபாயின் தேராவிலோ கராமாவிலோ பெட் ஸ்பேஸ் (பகிர்ந்த அறையில் ஒரு கட்டில்) வாடகை, சாப்பாடு, மெட்ரோ கார்டு, இவற்றுக்கான பணத்தைக் கடன் வாங்காமல் புரட்ட முடிந்தால் மட்டும் அனுப்புங்கள். வட்டிக்கு வாங்கிப் போனவன்தான் அந்தத் திங்கட்கிழமை ட்ரயலுக்குச் சம்மதிப்பான்.

மகனோடு பத்தாவது தேறாத நண்பர் ஒருவரும் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கதை வேறு. அவர் பாஸ்போர்ட் இ.சி.ஆர். (எமிகிரேஷன் செக் ரிக்வயர்டு) வகையாக இருக்கும். அந்த வகையினர் அமீரகம், சவூதி, மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ், அதாவது நம் அரசின் முன் அனுமதி, வேண்டும். அதைத் தாண்டிப் போகத்தான் விசிட் விசாவைக் குறுக்குவழியாக ஏஜென்டுகள் காட்டுகிறார்கள். கிளியரன்ஸோடு போனால் 10 லட்சம் ரூபாய் வரைக்குமான பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கூடவே வரும், ஒப்பந்தமும் அரசுப் பதிவில் இருக்கும். விசிட்டில் போனால் இரண்டும் இல்லை. அவரைச் சென்னையில் உள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதியச் சொல்லுங்கள். கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

துபாய்க்குச் சரியானது மற்ற நாட்டுக்கும் சரி என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் விசிட்டராக இறங்கியவர் உள்ளேயிருந்தே ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாற முடியாது, ஊர் திரும்பித்தான் விண்ணப்பிக்க வேண்டும். விசிட்டர் உள்ளேயிருந்தே வொர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கக் கனடா கொரோனா காலத்தில் திறந்துவிட்டிருந்த வாசலை 2024 ஆகஸ்ட் 28-இல் மூடிவிட்டது. இன்னமும் அதைச் சொல்லிப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், டூரிஸ்ட் விசா போதும் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பாங்காக்கில் இறக்கி, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், ஆன்லைன் மோசடி வேலையில் அடைத்துவைத்த கதைகள் 2022-இலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கையும் விட்டது. மீண்டு வந்தவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு.

இந்த வாரம் ஏஜென்டிடம் ஆஃபர் லெட்டரும் பதிவு எண்ணும் கேளுங்கள். அவர் இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள். மகனுடைய டிகிரியை அட்டெஸ்டேஷனுக்குக் கொடுங்கள். துபாய் போனாலும் போகாவிட்டாலும் அது வீணாகாது. ரசீதும், இப்போதைய கம்பெனியின் அனுபவச் சான்றும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்த்து, பயோடேட்டாவை அதற்கேற்ப மாற்றித் தருகிறேன்.